கண்வலிப்பூ பூத்திருக்கும் ஊர்கள்: ஓர் ஐப்பசிப் பயணம்

நவம்பர் 7, வெள்ளி: தாராபுரம்

பல்லடம் தாண்டியதிலிருந்து வானம் ஒரே மூட்டம், மழைதான் வரவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள், அவற்றுக்குக் கீழே மேய்ச்சல் காடுகள், வேலிக்குள் ஒன்றிரண்டு மயிலைக் காளைகள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தப் பக்கம் கண்வலிப்பூ என்று சொல்லும் செங்காந்தள் பூத்திருந்தால் பஸ்ஸிலிருந்தே தெரியும் என்று தோழி சொல்லியிருந்தாள். தாராபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிளுவை வேலியின் தலையில் முதல் கொடி தெரிந்தது. அந்த மூட்டத்திலும் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று இருந்தன.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பல வருடமாக கௌட் என்ற மூட்டுவலி நோய். கால் கட்டைவிரல் திடீரென்று சிவந்து வீங்கும், போர்வை பட்டால்கூட வலிக்கும். அப்போது டாக்டர் எழுதித் தருவது கோல்ச்சிசின் மாத்திரை, அரை மில்லிகிராம். அந்த மருந்து செங்காந்தள் விதையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, அந்த விதை நம் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமே விளைகிறது, அதே செடியின் கிழங்கைத் தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று கல்லூரியில் தாவரவியல் நடத்தும் தோழி ஒருநாள் போனில் சொன்னாள். தமிழ்நாட்டின் மாநில மலர் அது என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அவளும் கிளம்பிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்ன மெஸ்ஸில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் 60 ரூபாய். பால் தண்ணீராக இல்லை, ஏலக்காய் வாசனையோடு திக்காக இருந்தது. மெஸ் நடத்தும் அம்மா, கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றினார். கண்வலிப்பூ பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், "அதையப் பார்க்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? பார்த்தா கண்ணு வலிக்குமுங்க" என்றார். பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த பேரன் இரண்டு கையாலும் கண்ணை மூடிக் காட்டினான். பூவைப் பார்த்தால் கண் சிவந்துவிடும் என்று ஸ்கூலில் எல்லோரும் சொல்வார்களாம்.

பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் இந்த நம்பிக்கையைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பூவை நிமிர்ந்து பார்க்கவே பயப்படும் பிள்ளை அதைப் பறிக்காது, வேரைத் தோண்டிக் கிழங்கைக் கடித்துப் பார்க்காது. செடியின் எல்லாப் பாகத்திலும் விஷம் இருக்கும்போது இப்படி ஒரு பயத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டி வைத்த கிழவிகளை நான் மெச்சுகிறேன்.

லாட்ஜ் அறை 900 ரூபாய். வெந்நீர் கிடையாது, கொசு உண்டு.

நவம்பர் 8, சனி: மூலனூர்

காலை ஏழரைக்கெல்லாம் தோட்டத்தில் இருந்தோம். தோழியின் பழைய மாணவர் ஒருவரின் பெரியப்பா தோட்டம், ஒன்றரை ஏக்கர். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டிருக்கிறார். முன்பெல்லாம் வெள்வேல முள்ளை வெட்டி நட்டு அதில்தான் ஏற்றிவிடுவார்களாம். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் இலையை விரலில் தொட்டுப் பார்த்தேன், நுனி மட்டும் ஈர்க்கு மாதிரி விறைப்பாக இருந்தது.

பூ ஒரே நிறத்தில் இருப்பதில்லை. விரியும்போது பச்சை, அப்புறம் அடியில் மஞ்சள் நுனியில் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் இருந்தன. ஆறு இதழும் ஓரம் நெளிந்து பின்பக்கமாக மடிந்து மேலே நிற்கின்றன, ஆறு மகரந்தக் காம்புகளும் கீழே வட்டமாக விரிகின்றன. சூல்தண்டு மட்டும் சூலகத்தின் அடியிலேயே செங்கோணத்தில் மடிந்து பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது. தன் மகரந்தம் தன்மேல் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு என்று தோழி சொன்னாள். பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ பூவைச் சுற்றி வந்து தேன் குடிக்கும்போது இறக்கையில் ஒட்டிய தூள் அடுத்த பூவின் சூல்முடியில் உரச வேண்டும்.

இந்தத் தோட்டத்தில் அந்த வேலையைச் செய்வது பெண்கள். ஆறு பேர் வரிசைக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பூவின் மகரந்தக் காம்பைக் கிள்ளி, இன்னொரு கொடியின் பூவில் சூல்முடி மேல் லேசாகத் தேய்த்துவிட்டு, நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். வெயில் ஏறினால் காய் பிடிக்காது என்பதால் பதினொரு மணிக்குள் முடித்தாக வேண்டும். கூலி 300 ரூபாய். அவர்களில் மூத்தவரின் விரல் நுனிகளில் மஞ்சள் தூள் அப்பியிருந்தது, நகக்கண் வரைக்கும். பேசிக்கொண்டே அதே கையால் முகத்தை மூடியிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்குத் திக்கென்றது. "சோப்புப் போட்டுக் கழுவாம வாயில ஒண்ணு வைக்க மாட்டோம் கண்ணு" என்று அவரே சொன்னார். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"தானா எத்தனை காய் பிடிக்குமுங்க?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"ரொம்பக் கம்மிங்க. வேலியில இருக்கறதுல பிடிக்குது, இங்க பிடிக்கறதில்லைங்க."

ஏன் இங்கே பிடிப்பதில்லை என்பதற்கு விடை அடுத்த அரை மணி நேரத்தில் கண்ணெதிரே கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் முதுகில் டேங்க் மாட்டி மருந்து அடித்துக்கொண்டிருந்தார், மூக்கில் துணிகூட இல்லை. இந்தச் செடிக்கு இலைக் கருகலும் கிழங்கு அழுகலும் வரும், கூடவே ஒரு புழு. அந்தப் புழுவை இங்கேயும் காட்டினார்கள். கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, நடுநடுவே ஆரஞ்சுச் சிவப்பு. மாடு தின்றால் சாகும் இலையை அது விளிம்பிலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அல்லி வகைச் செடிகளைத் தின்பதற்கென்றே உள்ள அந்துப்பூச்சியின் புழுவாம். அதைக் கொல்ல அடிக்கிற மருந்து பட்டாம்பூச்சியையும் தேனீயையும் விட்டு வைக்குமா? நாங்கள் அங்கே இருந்த அவ்வளவு நேரத்திலும், அத்தனை பூவுக்கு நடுவே, ஒரு பட்டாம்பூச்சி வரவில்லை. பூவின் அமைப்பே தானாகக் காய் பிடிப்பதைக் கடினமாக்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்த அமைப்புக்கு ஏற்ற உயிர்கள் வந்துகொண்டிருந்தால் இத்தனை கைகள் வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பெண்களிடம் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். செடியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. மருந்து அடித்த மறுநாள் வந்தால் கண் எரிகிறது, கை அரிக்கிறது, தலை வலிக்கிறது என்று மூன்று பேர் சொன்னார்கள். கையுறை தந்தால் போடுவீர்களா என்றதற்கு, "மெல்லிசா இருந்தாப் போடலாமுங்க, தடிமனா இருந்தா பூவு ஒடிஞ்சிரும்" என்று உடனே பதில் வந்தது. ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

விலை விஷயம் பெரியவர் பொறுமையாகச் சொன்னார். விதைக்கிழங்கு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட முக்கால் டன் வேண்டும், கிலோ 300, 400 என்று வாங்க வேண்டியிருக்கிறது. ஆடியில் நட்டால் ஐப்பசியில் பூ, தையில் காய் முற்றும். விதை ஒரு வருடம் கிலோ 3,000 ரூபாய்க்கு மேல் போகிறது, இன்னொரு வருடம் 1,000 கூடத் தேறவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, விலையை வாங்குகிறவர்தான் சொல்கிறார். காய்ந்த விதையை வீட்டில் உயரமான அட்டாலியில் பூட்டி வைக்கிறார். குழந்தைகள் இருக்கிற வீடு.

மதியம் அவர்கள் வீட்டிலேயே முருங்கைக்காய்க் குழம்பு, ரசம், கட்டித் தயிர். கை கழுவத் தண்ணீர் ஊற்றிய அம்மா, "நல்லா தேய்ங்க, செடியத் தொட்டிருக்கீங்க" என்று இரண்டாவது தரமும் சோப்பை நீட்டினார்.

நவம்பர் 9, ஞாயிறு: கன்னிவாடிப் பக்கம் ஒரு கொறங்காடு, இரவு கரூர்

இன்று வெயில் கொன்றுவிட்டது. ஐப்பசி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கொறங்காடு என்பது இந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி. உழுவதில்லை, மருந்தடிப்பதில்லை, மாடும் ஆடும் மாற்றி மாற்றி மேயும். அந்த வேலியில்தான் செங்காந்தள் தன் இஷ்டத்துக்கு ஏறியிருந்தது. இரண்டு பேரும் வேலியோரம் நிழலில் உட்கார்ந்துகொண்டோம். கொஞ்ச நேரத்தில் ஊதாத் தேன்சிட்டு ஒன்று வந்தது, மகரந்தக் காம்பு மேலேயே தொற்றி உட்கார்ந்து இதழின் அடியில் அலகை விட்டது. அப்புறம் ஒரு பெரிய மஞ்சள் பட்டாம்பூச்சி. கொடிகளில் காய் நிறையவே பிடித்திருந்தது, பச்சையாக, விரல் நீளத்துக்கு. நேற்று பார்த்த தோட்டத்துக்கும் இதற்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

ஆடு ஓட்டி வந்த பெரியவரிடம், ஆடு இதைத் தின்னாதா என்று கேட்டோம். "புல்லு இருக்கறப்ப மூக்கால மோந்து பார்த்துட்டுப் போயிரும்ங்க. பஞ்சத்துல பச்சையாக் கண்டா குட்டிக தெரியாமக் கடிச்சிரும். ஒரு வருசம் ரெண்டு குட்டி போச்சு." புல் இருக்கிற காட்டில் விஷச் செடியால் ஆபத்து குறைவு என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வேலியின் அடியில் மண் அரித்த இடத்தில் ஒரு கிழங்கு பாதி வெளியே தெரிந்தது. தோழி அதைத் தோண்டாமல், சுற்றியிருந்த மண்ணை விரலால் ஒதுக்கிக் காட்டினாள். வெளிர் பழுப்பு நிறம், வழுவழுப்பான தோல், இரண்டு கையாக V போல விரிந்திருக்கிறது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த முளை ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. மழை வந்ததும் இந்தக் கிழங்கு தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப் போகும், அதற்குள் அடுத்த வருடத்துக்கான கிழங்கு பக்கத்தில் உருவாகிவிடும். தைக்கு மேல் வெளியே ஒரு தடயமும் இருக்காது. மறுபடி ஆடி வரைக்கும் மண்ணுக்குள் உறக்கம்தான்.

இதைப் புரிந்துகொண்டால் காட்டுக் கிழங்கைக் கடப்பாரை போட்டுத் தோண்டுவது எத்தனை பெரிய சேதம் என்று புரியும். சாகுபடி பரவியபோது நடவுக்கான கிழங்கைக் காடுகளிலிருந்தும் வேலிகளிலிருந்தும்தான் எடுத்தார்கள். பெரியவருக்கும் அது நினைவிருக்கிறது. சாக்கோடு ஆட்கள் வந்து வேலி வேலியாகத் தோண்டிக்கொண்டு போனார்களாம். "அப்பல்லாம் இந்த வேலி பூராம் செவசெவன்னு இருக்குமுங்க" என்று கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீட்டினார். இப்போது அந்த நீளத்தில் ஏழெட்டுக் கொடிகள்.

இருட்டும்போது கரூர். கரம் சாப்பிடாமல் கரூரைத் தாண்டக் கூடாது என்று பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தட்டுவடை, பொரி, பீட்ரூட், காரச் சட்னி, 40 ரூபாய். கண்ணில் தண்ணீர் வந்தது, இன்னொரு தட்டும் வாங்கினோம்.

நவம்பர் 10, திங்கள்: வேதாரண்யம் போகும் வழி

நாள் முழுக்கப் பஸ். தஞ்சாவூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. திருத்துறைப்பூண்டிக்கு முன்னால் நாங்கள் வந்த பஸ் டயர் வெடித்து நின்றது, மாற்று டயர் இல்லை, அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்ற கண்டக்டரும் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விட்டார். ஒரு மணி நேரம் டீக்கடைத் தகரத்தின் கீழ் ஒதுங்கி நின்றோம். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, சாரல் அடிக்கும், இந்தப் பக்கம் வாங்க" என்று நகர்த்தி உட்கார வைத்தார். டீ 12 ரூபாய். இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை.

திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் ஒரு பாட்டி வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். வாங்கித் தின்றுகொண்டே தோழி சொன்ன விஷயம் என் தொண்டையில் நின்றுவிட்டது. செங்காந்தள் கிழங்கு விஷம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர், தெரியாமல் சர்க்கரைவள்ளியோ வேறு வள்ளிக் கிழங்கோ என்று நினைத்துச் சமைத்தவர்கள். இங்கேயும் நடந்திருக்கிறது, இலங்கையிலும் நடந்திருக்கிறது. கொடி காய்ந்துபோன காலத்தில் மண்ணைக் கொத்தும்போது கிழங்கு மட்டும்தான் கிடைக்கும். பூ இல்லை, இலை இல்லை, எதை வைத்து அடையாளம் காண்பது? வேகவைத்தாலும் விஷம் போகாது.

பூவைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொடுத்த நாம் கிழங்கைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. பாடப் புத்தகத்திலும் போஸ்டரிலும் போடுவது பூவின் படம்தான்.

நவம்பர் 11, செவ்வாய்: கோடியக்கரை

காலையில் மழை விட்டிருந்தது. அகத்தியம்பள்ளி உப்பளங்கள் எல்லாம் தண்ணீருக்குள், பாத்தி வரப்புகள் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தன. கோடியக்காட்டைத் தாண்டிச் சரணாலயத்துக்குள் நுழைந்ததும் கொசு மொய்த்துவிட்டது. முழுக்கைச் சட்டை இல்லாமல் இந்த மாதத்தில் யாரும் போகாதீர்கள். சேற்றில் என் செருப்பு வார் அறுந்தது, கூட வந்த வழிகாட்டித் தம்பி தன் சாவிக் கொத்திலிருந்து ஒரு கம்பியை எடுத்து மாட்டி ஐந்து நிமிடத்தில் சரி பண்ணிக் கொடுத்துவிட்டார்.

1967இல் வெளிமான்களுக்காக அறிவித்த சரணாலயம் இது. புல்வெளியில் மான் கூட்டம் தூரத்தில் நின்றது, கிட்டத்தில் காட்டுக் குதிரைகள். நாங்கள் தேடியது மணல்மேட்டுக் காட்டின் ஓரம். கடல்காற்றில் குட்டையாகவே நிற்கும் பாலை மரங்கள், காரை, சூரை முள், அவற்றின் மேல் செங்காந்தள். மூலனூரில் கம்பிப் பந்தலில் வரிசையாகப் பார்த்த அதே பூவா என்று தோன்றியது. இங்கே மணல்தான், பாசனம் இல்லை, உரம் இல்லை. மழை ஈரம் இருக்கிற சில மாதங்களுக்குள் முளைத்து, ஏறி, பூத்து, விதைத்து, திரும்ப மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

ஒரு பூவில் சிவப்பு உடம்போடு கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று அசையாமல் தேன் குடித்துக்கொண்டிருந்தது. ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளர்ந்து, அந்த விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் இனம், அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. இரண்டு விஷங்கள் இத்தனை கிட்டத்தில் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, விஷம் என்ற பேச்சே மனிதன் வந்து வாய் வைக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குப் பட்டது.

2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது. சாய்ந்த மரங்களின் கட்டைகள் இன்னும் கிடக்கின்றன. சீமைக்கருவேலம் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டே வருகிறது, அது அடர்ந்த இடத்துக்குக் கீழே காந்தள் கொடி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. தோழி இன்னொன்றும் சொன்னாள். ஆஸ்திரேலியாவில் அழகுக்காகக் கொண்டுபோன செங்காந்தள் தோட்டத்தை விட்டுத் தப்பி, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கடற்கரை மணல்மேடுகளில் படர்ந்து அங்கத்துச் செடிகளை அமுக்கிவிட்டது. அங்கே ஆள் வைத்துக் கிழங்கு கிழங்காகத் தோண்டி ஒழிக்கப் பார்க்கிறார்கள். தான் பிறந்த இந்த மணலில் அது ஒன்றையும் அமுக்கவில்லை, சூரை முள்ளுக்குள் இடம் கேட்டு ஏறிக்கொண்டிருக்கிறது. இங்கேயும் முன்பு கிழங்கு தோண்டினார்கள், விற்பதற்கு.

மதியம் வேதாரண்யத்தில் மீன் சாப்பாடு 150 ரூபாய், பாறைக் குழம்பும் இறால் தொக்கும். இந்த ஊர்ச் சமையலில் புளி கொஞ்சம் தூக்கல், எனக்குப் பிடித்திருந்தது. சாப்பாட்டுக் கடைக்குப் பின்வீட்டில் எண்பது வயது இருக்கும் ஓர் ஆத்தா, பிரசவம் பார்த்தவர். வலி எடுக்காத பெண்களுக்குக் கண்வலிக் கிழங்கை அரைத்து அடிவயிற்றில் பூசுவதை அவர் பார்த்திருக்கிறார். "உள்ளுக்குக் குடுத்தவளுகளும் உண்டு. புள்ளையும் போவும், தாயும் போவும். நாஞ் செஞ்சதில்ல தாயி." பாம்புக்கடிக்குக் கொடுத்தவர்களும் உண்டாம். சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்து, அதாவது விஷத்தைக் குறைத்து, பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாராவது முயன்று பார்க்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. படித்த வைத்தியர் செய்வதும் வாட்ஸ்ஆப்பில் வந்த குறிப்பைப் பார்த்துச் செய்வதும் ஒன்றாகாது.

நவம்பர் 12, புதன்: தஞ்சாவூர்

தோழியின் அண்ணன் இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவர். இரவு டியூட்டி முடித்து வந்த மனிதரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டோம். அவர் சலித்துக்கொள்ளாமல், அண்ணி கொடுத்த வெண்பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

நம் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் பிரித்து இழுக்க மிக நுண்ணிய குழல்கள் உண்டாகின்றன. கோல்ச்சிசின் அந்தக் குழலுக்கான புரதத்தில் ஒட்டிக்கொண்டு, குழல் உருவாகவே விடாது. பிரிவது பாதியில் நின்றுவிடும். அதனால் உடம்பில் எந்தச் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ அவைதான் முதலில் அடி வாங்கும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் காலரா மாதிரி வயிற்றுப்போக்கும். இரண்டாம் நாள் அது கொஞ்சம் அடங்கும். இங்கேதான் வீட்டில் ஏமாந்துவிடுகிறார்கள், சரியாகிவிட்டது என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றார். அதற்கப்புறம்தான் ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகமும் ஈரலும் தடுமாறும், வெள்ளணுவும் தட்டணுவும் சரியும். அந்த வாரத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், பிறகு முளைத்துவிடும்.

மாற்று மருந்து? கடையில் கிடைப்பது ஒன்றும் இல்லை. 1995இல் பிரான்சில் ஒரு நோயாளிக்கு எதிர்ப்புரதம் தயாரித்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள், அது மருந்தாகச் சந்தைக்கு வரவே இல்லை. டயாலிசிஸ் செய்தாலும் விஷம் வெளியேறாது. சீக்கிரம் வந்தால் வயிற்றில் மிச்சம் இருப்பதை உறிஞ்ச ஆஸ்பத்திரியில் மருத்துவக் கரி கொடுக்கலாம், மற்றபடி திரவம், தீவிர சிகிச்சை, கண்காணிப்பு. ஆகவே சந்தேகம் வந்த நிமிடமே 108ஐக் கூப்பிட வேண்டும், வாந்தி நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மிச்சக் கிழங்கு இருந்தால் கையோடு எடுத்து வர வேண்டும். மனசு உடைந்து இதைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அப்படி யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து 104க்கு ஒரு போன் பண்ணுங்கள். இரவானாலும் பேச ஆள் இருக்கிறார்கள்.

இதே சரக்கு சரியான அளவில் மருந்து. ஐரோப்பாவில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடியைப் பழைய காலத்திலிருந்தே கௌட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள், 1820இல் பெல்தியேவும் கவாந்தூவும் அதிலிருந்து இந்த வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 2023இல் அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க அரை மில்லிகிராம் மாத்திரைக்கே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறுகல் என்பதால் மற்ற மாத்திரைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். அப்பா சளிக்கு எப்போதாவது கிளாரித்ரோமைசின் எடுத்துக்கொள்வாரா என்று அண்ணன் கேட்டார். அந்த ஆன்டிபயாடிக் கோல்ச்சிசினை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவிடும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு உயிரையே எடுத்துவிடும். உடனே அம்மாவுக்குப் போன் போட்டு மருந்து டப்பாவைத் தேடச் சொன்னேன். இல்லை என்றார். இனிமேல் எந்த டாக்டரிடம் போனாலும் கௌட் மாத்திரையைக் கையில் எடுத்துப்போய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

கிழங்கின் படத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்டினால் என்ன என்று கேட்டேன். சர்க்கரைவள்ளி ஒரு பக்கம், கண்வலிக் கிழங்கு ஒரு பக்கம். அண்ணன் போனை எடுத்துக் காட்டினார். அவர் வார்டு வாசலில் ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருக்கிறார், ஏ4 தாளில் கலர் பிரிண்ட், இரண்டு கிழங்கும் அருகருகே, கீழே ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்து. தோழி அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். மூலனூர்ப் பெரியவருக்கும், கோடியக்கரை வழிகாட்டித் தம்பிக்கும், தாராபுரம் மெஸ் அம்மாவுக்கும் நான் அனுப்பிவிட்டேன். மெஸ் அம்மாவிடமிருந்து பதிலும் வந்துவிட்டது: பேரன் ஸ்கூலில் டீச்சரிடம் கொடுக்கப் பிரிண்ட் எங்கே எடுப்பது என்று கேட்டிருக்கிறார்.